கும்பாபிஷேகம்: செய்தியா, அழைப்பிதழா?

போன இதழில், அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் மதச் செய்தியாளராக வேலை பார்த்ததைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒன்றைத்தான் கேட்டன: அந்த மாதிரி ஆளுக்கு ஒரு விஷயத்தை எப்படிச் சொல்வது, எப்படி எழுதினால் திரும்பிப் பார்ப்பார்? நான் ஓஹையோ மாநிலத்தில் ஒரு நடுத்தர ஊர்ப் பத்திரிகையின் சனிக்கிழமை மதப் பக்கத்துக்கு எழுதிக்கொண்டிருந்தவள். அந்தப் பக்கமும் இப்போது இல்லை, நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். அதனால் செய்தியை எனக்கே அனுப்பிவிடாதீர்கள். கேள்விகளுக்குப் போகலாம்.

டாலஸ் பக்கம் எங்கள் ஊரில் பாடுபட்டு ஒரு முருகன் கோயில் கட்டியிருக்கிறோம். அடுத்த மாதம் கும்பாபிஷேகம். இங்குள்ள ஆங்கிலப் பத்திரிகையின் மதச் செய்தியாளருக்கு மூன்று தடவை பிரஸ் ரிலீஸ் அனுப்பியாயிற்று. ஒரு பதிலும் இல்லை. இந்துக்கள் என்பதால் ஒதுக்குகிறார்களா?
— கோயில் குழு உறுப்பினர், டெக்சஸ்

அப்படி எனக்குத் தோன்றவில்லை. பக்கத்துத் தெரு பாப்டிஸ்ட் சர்ச் தன் நூற்றாண்டு விழாவுக்கு அனுப்பிய தாளும் அதே குப்பைக்கூடையில்தான் கிடக்கும். தவக்காலம் வந்தால் ஓஹையோவில் கத்தோலிக்கப் பங்குக்குப் பங்கு வெள்ளிக்கிழமை மீன் விருந்து நடக்கும். அத்தனை பேரும் அறிக்கை அனுப்புவார்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பட்டியலாகப் போடுவோம், அவ்வளவுதான்.

நீங்கள் இணைத்திருந்த அறிக்கையைப் படித்தேன். கோபுரத்தின் உயரம் இருக்கிறது, யாகசாலையில் எத்தனை குண்டம் என்று இருக்கிறது, சிறப்பு விருந்தினர் இருக்கிறார், குழுவில் உள்ள அத்தனை பேரும் பட்டம் பதவியோடு இருக்கிறார்கள். இது அழகான கல்யாணப் பத்திரிகை. வருகிறவர்களுக்கு வேண்டியதெல்லாம் இதில் உண்டு. வராத ஒருவர் காலையில் காபியோடு உட்கார்ந்து படிக்க ஒன்றும் இல்லை.

நியூயார்க்கில் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்கு 1977 ஜூலை 4 அன்று கும்பாபிஷேகம் நடந்தபோது, நடந்ததே செய்திதான். ஒரு காலத்தில் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சர்ச் இருந்த இடத்தில், ஊரே சுதந்திர தினம் கொண்டாடும் நாளில், ஆகம முறைப்படி ஒரு கோயில்! இன்று உங்கள் மாநிலத்திலேயே எத்தனை கோயில்கள் என்று உங்களுக்கே தெரியும். கோயில் திறந்ததை யாரும் இனி செய்தியாகப் பார்க்கப் போவதில்லை. திறப்பதற்குள் என்ன நடந்தது என்பதைத்தான் பார்ப்பார்கள். அதை நீங்கள் அறிக்கையில் எழுதவே இல்லை.

ஆனால் எனக்கு எழுதிய கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: 'பார்க்கிங் போதாது என்று நகராட்சி இழுத்தடித்தது, கடைசியில் பக்கத்து மெதடிஸ்ட் சர்ச்தான் கைகொடுத்தது.' அட, அதையல்லவா முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும்!

பார்க்கிங் என்பது சின்ன விஷயம் இல்லை. அமெரிக்காவில் புதிதாக ஒரு கோயிலோ மசூதியோ வருவதைப் பிடிக்காதவர்கள் நகரத் திட்டக் குழுக் கூட்டத்தில் எழுந்து பெரும்பாலும் மதத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள். போக்குவரத்து, சத்தம், மழைநீர் வடிகால், பார்க்கிங் என்றுதான் பேசுவார்கள். உண்மையிலேயே பார்க்கிங் கவலையில் பேசுகிறவர்களும் அதே கூட்டத்தில் இருப்பார்கள். யார் எவர் என்று பிரித்தறிவதுதான் செய்தியாளரின் வேலை. இதற்காகவே 2000-ல் ஒரு மத்திய சட்டம் வந்தது. வக்கீல்கள் ஆர்லூபா என்று சுருக்கிச் சொல்வார்கள். நிலப் பயன்பாட்டு விதிகளைக் காட்டி வழிபாட்டு இடங்கள் மீது தேவையில்லாத பாரம் ஏற்றக் கூடாது, மற்றக் கூட்டங்கள் கூடும் இடங்களைவிட அவற்றை மட்டமாக நடத்தக் கூடாது என்பது அதன் சாரம். மசூதிகள், யூதச் சபைகள், சர்ச்சுகள் எல்லாமே அதை வைத்து நீதிமன்றம் போயிருக்கின்றன. உங்கள் குழு வழக்குக்குப் போகாமலே ஒரு சர்ச்சின் துணையோடு தீர்த்துக்கொண்டது என்றால் நான் அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு வந்திருப்பேன்.

இப்படி எழுதிப் பாருங்கள் (விவரங்கள் என் ஊகம், உண்மையில் நடந்ததை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்): 'வணக்கம். எங்கள் கோயிலுக்குப் பார்க்கிங் போதாது என்று நகரத் திட்டக் குழு அனுமதியைத் தள்ளிப்போட்டது. எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவர் பக்கத்து மெதடிஸ்ட் சர்ச்சின் உறுப்பினர். அதே சர்ச் இப்போது விழா நாட்களில் தன் பார்க்கிங்கை எங்களுக்குத் தர எழுதிக்கொடுத்திருக்கிறது. அந்தப் போதகர், எங்கள் செயலாளர், எதிர்த்துப் பேசியவர் மூவரும் உங்களிடம் பேசச் சம்மதித்திருக்கிறார்கள். கூட்டக் குறிப்புகளை இணைத்திருக்கிறேன். அடுத்த மாதம் கும்பாபிஷேகம்.' இவ்வளவுதான். கும்பாபிஷேகம் கடைசி வரியில் வந்தால் போதும். எதிர்த்துப் பேசியவரையும் சேர்த்துத் தருகிறீர்கள் பாருங்கள், அதற்காகவே செய்தியாளர் உங்களை நம்புவார்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். உங்கள் அர்ச்சகர் எந்த விசாவில் இருக்கிறார்? மதப் பணியாளர்களுக்கான ஆர்-1 விசாவில் ஐந்து வருஷம் வரை இருக்கலாம். அதற்குள் கிரீன் கார்டு கிடைத்துவிடும் என்றுதான் முன்பு எல்லோரும் இருந்தார்கள். 2023 மார்ச்சில் வெளியுறவுத் துறை கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் வரிசையைக் கணக்கிடும் முறையை மாற்றியது. வரிசை பல வருஷம் நீண்டுவிட்டது. நியூ ஜெர்சியின் பேட்டர்சன் கத்தோலிக்க மறைமாவட்டம் தன் வெளிநாட்டுப் பாதிரியார்களுக்காக 2024-ல் நீதிமன்றம் போனது. இந்தச் செய்தியில் பாதிரியார்கள் நிறைய வந்தார்கள், சிவாச்சாரியார்கள் அவ்வளவாக வரவில்லை. யாரும் செய்தியாளரைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அர்ச்சகர் சம்மதித்தால் மட்டும் சொல்லுங்கள். அவர் பெயர் வெளியே வருவதில் அவருக்குத்தான் ஆபத்து, குழுவுக்கு இல்லை.

சால்வை, பழத்தட்டு எல்லாம் கொடுத்தால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா?
— அட்லாண்டா வாசகி

பிரசாதம் கொடுங்கள், சாப்பிடுவார்கள். ஃப்ளஷிங் கோயிலின் கேன்டீன் தோசையைப் பற்றி எழுதாத நியூயார்க் நிருபரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சால்வை, வெள்ளிக் குத்துவிளக்கு, கவர் எதுவும் வேண்டாம். பல பத்திரிகைகளில் பரிசு வாங்கக் கூடாது என்று எழுத்திலேயே விதி இருக்கும். மேடைக்குக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொல்வது சால்வையைவிட மோசம். எனக்கு நடந்திருக்கிறது. ஓரமாக நின்று குறிப்பெடுக்க வந்தவளைத் தாம்பூலத்தோடு முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டால், பின்வரிசையில் முணுமுணுக்கிறவர்கள் சொல்வது காதில் விழுமா?

சென்னையில் இதழியல் படிக்கிறேன். அமெரிக்காவில் மதத்துக்கென்று தனி 'பீட்' (ஒரு நிருபருக்கென்று ஒதுக்கிய செய்தித் துறை) உண்டு என்பது ஆச்சரியமாக இருக்கிறது. இங்கே ஆன்மிகப் பக்கம் மாதிரிதானா?
— மாணவர், சென்னை

இல்லை. நம் ஆன்மிகப் பக்கம் பக்தர்களுக்காக எழுதப்படுவது. தல வரலாறு, பரிகாரம், நடை திறக்கும் நேரம். நானும் அதைப் படித்து வளர்ந்தவள்தான், குறை சொல்லவில்லை. அமெரிக்க மத பீட் நீதிமன்ற பீட், கல்வி பீட் மாதிரி ஒன்று. கடவுளைப் பற்றி அல்ல, கடவுளின் பெயரால் மனிதர்கள் கூடுவது, பிரிவது, பணம் சேர்ப்பது, ஓட்டுப் போடுவது, செத்தவர்களைப் புதைப்பது பற்றி எழுதுவது.

இதற்கென்றே 1934-ல் தொடங்கிய செய்தி நிறுவனம் ரிலிஜன் நியூஸ் சர்வீஸ். மதச் செய்தியாளர்களுக்கு 1949-லிருந்து சங்கம் உண்டு. சனிக்கிழமை மதப் பக்கம் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இருந்தது. விளம்பரம் குறைந்ததும் முதலில் கைவைத்தது அதில்தான். 2019-ல் இண்டியானாபொலிஸின் லில்லி அறக்கட்டளை கொடுத்த பெரிய நிதியில் அசோசியேட்டட் பிரஸ்ஸும் ரிலிஜன் நியூஸும் சேர்ந்து மதச் செய்திக்கு ஆள் எடுத்தன. இன்று தேசிய அளவில் இந்த பீட் உயிரோடு இருப்பதற்கு இப்படி வரும் அறக்கட்டளைப் பணமும் ஒரு காரணம். ஊர் அளவில் ஆள் அருகிவிட்டார்கள். இதைத் தெரிந்துகொள்வது பிட்ச், அதாவது 'இதை எழுதலாமே' என்று செய்தி யோசனை, அனுப்புகிறவருக்கு முக்கியம். உங்கள் ஊர்ப் பத்திரிகையில் மதச் செய்தியாளரே இல்லாமல் இருக்கலாம். அப்போது நகராட்சி நிருபருக்கோ பள்ளிக்கூட நிருபருக்கோ எழுதுவதுதான் சரி.

இன்னொரு விசித்திரம் தெரியுமா? அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் கேட்கவே மாட்டார்கள். கட்டாயப்படுத்திக் கேட்கக் கூடாது என்று 1976-லிருந்து சட்டமே இருக்கிறது. அதனால் எல்லோரும் பியூ ஆய்வு மையத்தின் எண்களைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம். 2007-ல் அமெரிக்கப் பெரியவர்களில் 78 சதவீதம் பேர் தங்களைக் கிறிஸ்தவர் என்றார்கள். 2023-24 ஆய்வில் அது 62. எந்த மதமும் இல்லை என்றவர்கள் 16-லிருந்து 29-க்கு ஏறினார்கள். சமீப வருஷங்களில் இந்தச் சரிவு ஏறக்குறைய நின்றுவிட்டது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. இந்துக்கள் ஒரு சதவீதம் அளவில்தான். 'எங்கள் மதம்தான் அமெரிக்காவிலேயே வேகமாக வளர்கிறது' என்று எல்லா மதக்காரர்களும் எனக்கு எழுதியிருக்கிறார்கள். அந்த வரியைப் பார்த்ததும் மெயிலை மூடிவிடுவேன்.

நாங்கள் போகும் தமிழ்ச் சபையில் பணம் கையாடல் நடக்கிறது என்று நம்புகிறேன். அதைவிட மோசமாக, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் ஒருவர் நடந்துகொள்ளும் விதமும் சரியில்லை என்று இரண்டு தாய்மார்கள் அழுதார்கள். செய்தியாளரிடம் போகலாமா? எங்களைத் துரோகி என்பார்கள்.
— பெயர் வேண்டாம், ஹூஸ்டன்

அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயம் இருக்கிறது. பிள்ளைகள் விஷயத்துக்கு செய்தியாளர் இரண்டாவதுதான். டெக்சஸில் குழந்தைக்குத் தீங்கு நடப்பதாகச் சந்தேகம் வந்தாலே அதைத் தெரிவிக்க வேண்டியது ஒவ்வொருவருக்கும் சட்டப்படி கடமை. ஆசிரியர், டாக்டர் மட்டுமல்ல, நீங்களும்தான். இன்றைக்கே குழந்தைகள் பாதுகாப்புத் துறைக்கோ போலீசுக்கோ சொல்லுங்கள். போதகரிடம் முதலில் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள்.

அப்புறம் செய்தியாளர். நீங்கள் இருக்கும் ஊரின் பத்திரிகையே இந்த வேலையை நாட்டுக்குச் செய்து காட்டியது. ஹூஸ்டன் க்ரானிக்கிளும் சான் அன்டோனியோ எக்ஸ்பிரஸ்-நியூஸும் 2019 பிப்ரவரியில் சதர்ன் பாப்டிஸ்ட் சபைகளைப் பற்றி ஒரு தொடர் வெளியிட்டன. இருபது வருஷ காலத்தில் சுமார் 380 போதகர்களும் ஊழியர்களும் தன்னார்வலர்களும் பாலியல் குற்றச்சாட்டுக்கு ஆளானதையும், பாதிக்கப்பட்டவர்கள் 700 பேருக்கு மேல் என்பதையும் நீதிமன்ற ஆவணங்களைத் தோண்டித் தொகுத்தார்கள். அந்த அமைப்பு குற்றம் சாட்டப்பட்டவர்களின் பட்டியல் ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொள்ள முடியாது, ஒவ்வொரு சபையும் தனித்தனி என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. தலைமை அலுவலகத்தில் உள்ளுக்குள் ஒரு பட்டியல் இருந்தது 2022-ல் அவர்களே அமர்த்திய விசாரணையில் வெளிவந்தது. பாஸ்டன் குளோப் 2002-ல் கத்தோலிக்கப் பாதிரியார்களைப் பற்றி எழுதியதும் இதே வழியில்தான். மூடி வைத்திருந்த நீதிமன்றக் காகிதங்களைத் திறக்கச் சொல்லி வழக்காடினார்கள். சபை ஆண்டுதோறும் அச்சடித்த பாதிரியார் விவரக் கையேட்டில் குற்றச்சாட்டை மறைக்கும் சாக்காக 'மருத்துவ விடுப்பு' என்று யார் யாருக்குப் போட்டிருக்கிறது என்று வரிவரியாகப் பார்த்தார்கள். எல்லோர் அலமாரியிலும் இருந்த புத்தகம் அது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நீங்கள் கொண்டுபோக வேண்டியது காகிதம். அழுத தாய்மார்களின் வேதனை உண்மை, ஆனால் அதை மட்டும் வைத்துப் பத்திரிகை ஒருவர் பெயரை அச்சிடாது. பண விஷயத்தில் இது இன்னும் கடினம். அமெரிக்காவில் மற்றத் தொண்டு நிறுவனங்கள் வருஷா வருஷம் வருமான வரித் துறைக்கு 990 என்ற படிவத்தைக் கொடுக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். சர்ச்சுக்கும் கோயிலுக்கும் மசூதிக்கும் அதிலிருந்து விலக்கு. ஆகவே வெளியிலிருந்து ஒருவர் தெரிந்துகொள்ளச் சுலபமான வழி இல்லை. பொதுக்குழுக் கூட்டக் குறிப்பு, சபை உறுப்பினர்களுக்குக் கொடுத்த வரவு செலவுத் தாள், கட்டட நிதி ரசீது, இவை உங்கள் கையில் முறையாக வந்தவையாக இருந்தால் பத்திரமாக வையுங்கள். அலுவலக அலமாரியைத் திறந்து எடுக்காதீர்கள், அது வேறு வம்பு.

எழுதும்போது சபையின் மெயிலையோ உங்கள் வேலையிட மெயிலையோ பயன்படுத்தாதீர்கள். அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர யாரும் படிக்க முடியாத சிக்னல் செயலியில் எழுதலாம். முதல் மெயிலில் பெயர்களைக் கொட்ட வேண்டாம். 'ஒரு சபையின் கணக்கு பற்றி என்னிடம் இந்த இந்த வருஷத்துக் காகிதங்கள் இருக்கின்றன, பேசலாமா?' என்றால் போதும். வாயைத் திறப்பதற்கு முன்பே நிபந்தனையைப் பேசிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு 'இதெல்லாம் ஆஃப் த ரெக்கார்ட் (வெளியிடக் கூடாது), சரியா?' என்றால் செல்லாது. பெயர் போடலாமா, போடாமல் 'சபை உறுப்பினர் ஒருவர்' எனலாமா, எதையும் போடாமல் அவர் புரிந்துகொள்வதற்கு மட்டுமா என்று ஒவ்வொன்றுக்கும் அவர் 'சரி' சொன்ன பிறகு பேசுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரை அவர் கட்டாயம் கூப்பிட்டுக் கேட்பார். அன்றைக்கு உங்கள் சபையில் யார் பேசியது என்று தேடுவார்கள். நம் சபைகள் சின்னவை, கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டு, தாய்மார்கள் இருவரையும் கேட்டுவிட்டுப் போங்கள். துரோகி என்கிறவர்கள் சொல்லத்தான் செய்வார்கள். பாஸ்டனிலும் சொன்னார்கள்.

பி.ஆர். நிறுவனம் வைத்திருக்கும் என் மருமகன் ஒரே மெயிலை 200 செய்தியாளர்களுக்கு அனுப்புகிறான். 'எங்கள் சுவாமிஜி எந்தத் தலைப்பிலும் கருத்துச் சொல்லத் தயார்' என்று. பலன் இருக்குமா?
— மதுரை வாசகர்

எந்தத் தலைப்பிலும் கருத்துச் சொல்கிறவர் வீட்டிலேயே ஒருவர் இருப்பார். அவருக்காக யாரும் நிருபர் அனுப்புவதில்லை.

கேட்டி ஊரில் இருக்கிறோம். பையனின் வகுப்பில் பைபிளின் பத்துக் கட்டளை போஸ்டர் மாட்டினார்கள். நாங்கள் சைவர்கள். எதிர்ப்பு என்று பெரிதாக இல்லை, ஆனால் பையன் கேட்கும் கேள்விகள் யோசிக்க வைக்கின்றன. இது செய்தியாகுமா?
— டெக்சஸ் தாய்

ஆகும், அதுவும் 'பெரிதாக எதிர்ப்பு இல்லை' என்கிறீர்களே, அதனால்தான். லூசியானா 2024-ல் வகுப்பறைகளில் இதை மாட்ட வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டது. டெக்சஸ் 2025-ல் போட்டது, செப்டம்பர் 1 முதல் அமல். போஸ்டர் குறைந்தது 16-க்கு 20 அங்குலம், வகுப்பில் எங்கிருந்து பார்த்தாலும் படிக்கும்படி. வழக்குப் போட்ட குடும்பங்களில் யூதர்கள், கிறிஸ்தவர்கள், இந்துக்கள், மதம் இல்லாதவர்கள் எல்லோரும் உண்டு. ஆகவே வழக்காடுகிறவர்களின் குரல் செய்தியாளரிடம் ஏற்கெனவே இருக்கிறது, சட்டத்தை ஆதரிப்பவர்களின் குரலும் இருக்கிறது. இரண்டிலும் சேராத ஒரு தாய் அவருக்குச் சுலபத்தில் கிடைக்கமாட்டார்.

பையன் கேட்டதை அவன் வார்த்தையிலேயே எழுதுங்கள். 'சிலை செய்யக் கூடாதுன்னு போட்டிருக்கு, நம்ம வீட்டுப் பிள்ளையார் தப்பாம்மா?' என்று கேட்டானா, வேறெதுவுமா? நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? அந்த உரையாடல் ஐந்து வரி போதும். பையனின் பெயர், பள்ளிக்கூடப் பெயர், ஆசிரியர் பெயர் முதல் மெயிலில் வேண்டாம். ஆசிரியர் மேல் கோபம் இல்லையென்றால் அதையும் சொல்லிவிடுங்கள். போஸ்டரை மாட்டச் சொன்னது சட்டம், மாட்டியவர் பாவம் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர். கடைசியாக, பையனுக்குப் பேச இஷ்டமா என்று அவனிடமே கேளுங்கள்.

உங்களுக்கு வந்ததிலேயே நல்ல பிட்ச் எது?
— சிங்கப்பூர் வாசகி

ஒரு தமிழ்ச் சபையின் பொருளாளர் எழுதியது. அவர்கள் ஒரு மெதடிஸ்ட் சர்ச்சின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்து ஞாயிறு மதியம் ஆராதனை நடத்திக்கொண்டிருந்தார்கள். ஐக்கிய மெதடிஸ்ட் சபை ஒருபாலினத் திருமண விவகாரத்தில் உடைந்துகொண்டிருந்த நேரம். 2019-க்கும் 2023-க்கும் இடையில் அமெரிக்காவில் ஏறக்குறைய 7,600 சபைகள், அதாவது நாலில் ஒன்று, வெளியேறின. நான் அதைப் பற்றி ஏகப்பட்ட கட்டுரை எழுதிச் சலித்துப்போயிருந்தேன். அவர் எழுதியது இவ்வளவுதான்: 'எங்கள் வீட்டுக்காரர்களுக்குள் சண்டை. அடுத்த ஞாயிறு வாக்கெடுப்பு. யார் ஜெயித்தாலும் எங்கள் வாடகை ஒப்பந்தம் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. எங்களுக்கு ஓட்டு இல்லை.'

தலைப்பு வரியில் 'கீழ்த்தளத்திலிருந்து' என்று போட்டிருந்தார். மனிதர் கணக்கு வழக்கு பார்க்கிறவர், எழுத்தாளர் இல்லை. போனேன். மேலே வயதான வெள்ளைக்காரர்கள் அறுபது எழுபது பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வாக்குச் சீட்டை மடித்துக்கொண்டிருந்தார்கள். கீழே மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மீன் குழம்பு வாசனையைப் பற்றி இரண்டு வருஷமாக மேலே புகார் இருந்ததாம். அன்றைக்கு இரண்டு கட்சிக்காரர்களும் தனித்தனியாகக் கீழே வந்து, 'நீங்க கவலைப்படாதீங்க, நாங்க பாத்துக்கறோம்' என்று சொல்லிவிட்டு ஒரு கிண்ணம் சாப்பிட்டுப் போனார்கள். சனிக்கிழமைப் பக்கம் முழுதும் அதற்கே போனது.

செய்தி என்று எதுவும் இல்லை. சும்மா அறிமுகம் செய்துகொள்ள ஒரு மதச் செய்தியாளருக்கு எழுதலாமா?
— மில்வாக்கி வாசகர்

எழுதுங்கள், அதுவும் நீங்கள் இருக்கும் ஊரில். ஓக் க்ரீக் உங்களுக்குப் பக்கம். 2012 ஆகஸ்ட் 5, ஞாயிறு காலை, சீக்கியர்களின் குருத்வாராவில் லங்கர் (எல்லோருக்கும் இலவசமாகப் போடும் பொதுச் சாப்பாடு) சமைத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு வெள்ளை இனவெறியன் சுட்டதில் ஆறு பேர் அங்கேயே இறந்தார்கள். சமையலறைப் பக்கம் இருந்தவர்கள் சாமான் அறைக்குள் ஒளிந்து தப்பினார்கள். அன்று மதியம் தொலைக்காட்சிகளில் சீக்கியர் என்றால் யார் என்று முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் அலுவலகத்திலும் யாரைக் கூப்பிடுவது என்று தேடினோம். நான் உள்ளூர் குருத்வாராவுக்கு அதற்கு முந்தைய வைசாகிப் பண்டிகைக்குப் போயிருந்ததால் ஒரு பெண்மணியின் செல்போன் எண் என்னிடம் இருந்தது. செய்திக்காகப் போகவில்லை, அவர் சும்மா கூப்பிட்டார், போனேன். அந்த மாலை அவர் போனை எடுத்தார்.

அறிமுக மெயிலில் உங்கள் பெயர், எந்தக் கோயில் அல்லது சபை, என்ன பொறுப்பு, கூப்பிட ஒரு எண், கூட்டம் குறைவாக இருக்கும் ஒரு நாளில் வந்து பார்க்க ஓர் அழைப்பு. தலைவரின் வாழ்க்கை வரலாற்றை இணைக்காதீர்கள்.

கமலா ஹாரிஸ் போட்டியிட்டபோது அவருடைய தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்துக்கு வெளிநாட்டு நிருபர்கள் வந்தார்கள். கோயிலில் பூஜையைப் படம் எடுத்தார்கள், போனார்கள். நீங்களாக இருந்தால் என்ன கேட்டிருப்பீர்கள்?
— மன்னார்குடி வாசகர்

நல்ல கேள்வி. 2020-லும் 2024-லும் அந்தத் தர்மசாஸ்தா கோயில் படம் உலகம் முழுக்கப் போனது. படம் எடுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் தேடி வந்தது அதைத்தான். ஆனால் கமலா பாப்டிஸ்ட் பிரிவுக் கிறிஸ்தவர். சான் ஃபிரான்சிஸ்கோவின் தேர்ட் பாப்டிஸ்ட் சர்ச் அவருடைய சபை. சிறுவயதில் அம்மா சியாமளாவுடன் கோயிலுக்கும் போயிருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரரோடு கறுப்பினத்தவர் சர்ச்சுக்கும் போயிருக்கிறார். கணவர் யூதர். அப்படிப்பட்டவரின் பெயர் உங்கள் கோயிலில் நன்கொடையாளர் கல்வெட்டில் இருக்கிறது. நான் வந்திருந்தால் குருக்களிடம் அந்தக் கல்லைக் காட்டி, 'இவர் சர்ச்சுக்குப் போகிறவர் என்று தெரியுமா, தெரிந்தால் அர்ச்சனையில் என்ன கோத்திரம் சொல்கிறீர்கள்?' என்று கேட்டிருப்பேன். இதைப் படிக்கும் யாருக்காவது பதில் தெரிந்தால் எழுதுங்கள், எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை.

அச்சுக்குப் போகும் முன் கட்டுரையை எங்களுக்குக் காட்டுவார்களா?
— சான் ஹோசே வாசகர்

மாட்டார்கள். கேட்டாலே முகம் மாறும். 'சமஸ்கிருதப் பெயர்களின் எழுத்துக்கூட்டலை மட்டும் போனில் சரிபார்க்கிறீர்களா?' என்று கேளுங்கள், சந்தோஷமாகச் செய்வார்கள்.

நீங்கள் சொல்வது போலவே எழுதி அனுப்பினேன். மாதம் ஒன்றாகிறது, பதில் இல்லை. என்ன செய்ய?
— சிகாகோ வாசகி

எப்போது அனுப்பினீர்கள் என்று சொல்லவில்லையே. 2025 ஏப்ரல் 21 அன்று போப் பிரான்சிஸ் இறந்தார். மே 8 அன்று உங்கள் ஊரில் பிறந்த ஒருவரே லியோ என்ற பெயரில் போப் ஆனார். அந்த மூன்று வாரத்தில் அமெரிக்க மதச் செய்தியாளருக்கு என்ன அனுப்பியிருந்தாலும் கிணற்றில் போட்ட கல்தான். ஈஸ்டருக்கு முந்தைய வாரம், ஜூன் மாதம் சதர்ன் பாப்டிஸ்டுகள் கூடும் வாரம், நவம்பர் தேர்தலை ஒட்டிய நாட்கள் இவையும் அப்படித்தான். ஜனவரி நடுவில் அனுப்பினால் ஆசையாகப் படிப்பார்கள், அப்போது எழுத விஷயமே இருக்காது.

ஒரு வாரம் பொறுத்து ஒரே ஒரு தடவை நினைவூட்டலாம், அதே மெயிலுக்குக் கீழேயே, இரண்டு வரியில், புதிதாக ஏதாவது நடந்திருந்தால் அதைச் சேர்த்து. அதற்கும் பதில் இல்லையென்றால் அவர் எழுதிய கடைசி ஐந்து கட்டுரையைப் படித்துப் பாருங்கள். ஐந்தும் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் திவால் வழக்கைப் பற்றி இருந்தால் அவர் அதில் மூழ்கியிருக்கிறார், வேறொருவருக்கு அனுப்புங்கள். ஒரே சமயத்தில் இரண்டு பத்திரிகைக்கு 'உங்களுக்கு மட்டும்' என்று மட்டும் அனுப்பிவிடாதீர்கள், இவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். கடைசிக் கட்டுரையே எட்டு மாதத்துக்கு முந்தையது என்றால், அவருக்கு வேலை போயிருக்கும். அலுவலகத்தைக் கூப்பிட்டு இப்போது யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள்.